ஈரத்துணியில் இருபது விதை

அத்தியாயம் 17

இருபதில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

வேம்புலியம்மாள் ஈரத்துணியை முழுசாகப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். எட்டு நாளைக்கு முன்னால் எண்ணி வைத்த இருபது கத்திரி விதையும் வைத்தது வைத்தபடியே கிடந்தன. ஒன்றாவது வாயைத் திறந்து வெள்ளையாக ஒரு முனையைக் காட்டியிருக்க வேண்டாமா? ஒரு விதையை நகத்தால் நசுக்கினாள். உள்ளே பழுப்பாக இருந்தது.

இந்த எட்டு நாளும் அந்தத் துணிக்கு அவள் செய்த சேவகம் கொஞ்சநஞ்சமல்ல. காலையில் ஒரு தெளிப்பு, பொழுது சாய ஒரு தெளிப்பு. அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் வெதுவெதுப்பான இடம் பார்த்து வைத்திருந்தாள். எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் அதைத்தான் போய்த் தொட்டுப் பார்ப்பாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடலாம். கோவில்பதாகை ஏரிப் பக்கம் வேம்புலியம்மாள் பயிர் வைக்கும் இருபத்தைந்து சென்ட், காலமான அவள் புருஷனுக்கும் அவர் தம்பி ஜெகதீசனுக்கும் பொதுவான நிலம். சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன, இதையும் விற்றுவிடலாம் என்று ஜெகதீசன் இரண்டு வருஷமாக நச்சரிக்கிறான். சித்திரையில் சொந்தபந்தம் கூடியிருந்த இடத்தில், "கத்திரிக்கா போட்டு இன்னாத்த கிழிச்சீங்க அண்ணி" என்று அவன் கேட்டுவிட, வேம்புலிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆடி பொறக்கும்போது அந்தப் பாத்தில எங்க ஊட்டு முள்ளு கத்திரி நாத்து நிக்கும். நிக்கலன்னா நானே வந்து கையெழுத்து போடறேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

சொல்லும்போது தைரியமாகத்தான் சொன்னாள். அலமாரியில் ஒரு பாட்டில் விதை இருக்கிற தைரியம். காம்பிலும் இலை நரம்பிலும் முள், காயில் பச்சை வரி. அந்த விதை கடையில் கிடைக்காது. வருஷா வருஷம் அவள் நாலு காயைச் செடியிலேயே பழுக்கவிட்டு, பிழிந்து, கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து வைத்தால்தான் அடுத்த வருஷத்துக்கு உண்டு. பழைய செடிகளைப் பங்குனியிலேயே பிடுங்கிப் போட்டாகிவிட்டது. இன்றைக்கு ஆனி பதினொன்று.

போன வாரம் அந்தப் பாட்டிலின் வாய்த்துணியில் அவள் கண்ட முடிச்சு நினைவிருக்கும். வேம்புலியம்மாளுக்கு இடக்கை. அவள் போடும் முடிச்சு இடப்பக்கம் சாயும். பாட்டிலில் இருந்த முடிச்சு வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் வேம்புலியம்மாள் அப்படித்தான். அதை இடுப்பில் செருகிக்கொண்டே நடப்பாள், தூங்கும்போதும் எடுத்து வைக்கமாட்டாள்.

"காவ்யா."

"சொல்லுங்க அத்தை."

மருமகள் டிபன் பாக்ஸை மூடியபடியே வந்தாள். அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை. எட்டரை பஸ்ஸை விட்டால் ஒன்பதேகாலுக்குத்தான் அடுத்தது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. அதிர்ந்து பேசாத பெண். அதிர்ந்து பேசாதவர்கள் மேல் வேம்புலிக்கு எப்போதுமே ஒரு கண் உண்டு.

"தோ, இதப் பாரு."

காவ்யா துணியைக் குனிந்து பார்த்தாள். வேம்புலியம்மாள் துணியைப் பார்க்கவில்லை, மருமகள் முகத்தைப் பார்த்தாள். அதில் ஆச்சரியம் என்று ஒன்று வரவே இல்லை.

"ஒண்ணுகூட வரலையா அத்தை?" என்று கேட்டாள். தெரிந்த விஷயத்தை இன்னொரு தரம் கேட்டுச் சரிபார்க்கிற மாதிரி இருந்தது.

"பாட்டில நீ தொட்டியா?"

அந்த வீட்டில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. வந்த மருமகள் மூன்று ஆடி தாண்டும்வரை விதையைத் தொடக்கூடாது. வேம்புலியம்மாளும் அந்த மூன்று ஆடியையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டியவள்தான். காவ்யாவுக்கு இப்போதுதான் இரண்டாவது ஆடி வரப்போகிறது.

"பாட்டிலைத் தொடல அத்தை."

"பாட்டில தொடல. அப்ப வெதய?"

காவ்யா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மகன் வெற்றிச்செல்வன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். "இன்னாம்மா, காலங்காத்தால பஞ்சாயத்து?" என்றவன் துணியைப் பார்த்தான். "மொளைக்கலையா? இன்னும் ரெண்டு நாள் வெச்சுப் பாரும்மா. மழக்காலத்துல எடுத்த வெத, லேட்டாத்தான் வரும்."

அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. மார்கழிக் கடைசியில், விதையைப் பிழிந்து கழுவி ஈரத்தோடு வைத்த அன்றைக்கே வேம்புலியம்மாள் காய்ச்சலில் விழுந்தாள். பத்து நாள் ஆஸ்பத்திரி. வெளியே விடாத மழை. திரும்பி வந்தபோது விதை கலகலவென்று காய்ந்து, சாம்பல் கலந்து, பாட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தது. எல்லாம் மகன் செய்த வேலை. எம்புள்ள மாதிரி எவன் செய்வான் என்று தெருவெல்லாம் சொல்லி மாய்ந்துபோனாள்.

அப்படிப் பிள்ளை காயவைத்துக் கொடுத்த விதையை யாரோ எடுத்துக்கொண்டு, செத்த விதையைப் போட்டு, முடிச்சை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். வேறு எப்படி யோசிப்பது?

காவ்யா புருஷனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"சாயங்காலம் வந்து சொல்றேன் அத்தை. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சாயங்காலம் சொல்கிறாளாம். அதுவரைக்கும் கதையை ஜோடிக்க நேரம் வேண்டாமா என்று நினைத்துக்கொண்டாள் வேம்புலியம்மாள்.

*

நாற்றங்கால் பாத்தியைப் போன வாரமே கொத்தி, எரு போட்டு, சமன் பண்ணி வைத்திருந்தாள். அதன் ஓரத்தில் போய் உட்கார்ந்தபோது, பக்கத்துத் துண்டில் கீரை அறுத்துக்கொண்டிருந்த விஜி எழுந்து வந்தாள்.

"இன்னாக்கா, வெத போடலையா இன்னும்?"

விஜி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் குந்தினாள்.

"நான் சொன்னேன்னு சொல்லாதக்கா. ரெண்டு நாளா சொல்லலாமா வேணாமான்னு பேஜாரா கீது. எங்கக்கா ஊட்டுக்குப் பூந்தமல்லி போனனா, அப்டியே ஜாக்கெட் தைக்கக் குடுக்க ரசூல் பீவிம்மா ஊட்டுக்குப் போனேன். மாடில துணி காயுதுன்னு எடுக்கப் போச்சு, நானும் கூடப் போனேன். அங்க ஒரு பக்கெட்ல நாத்து."

"இன்னா நாத்து?"

"கத்திரி. முள்ளு கத்திரி. உங்க ஊட்டுது மாதிரியே."

தாயில்லாமல் வளர்ந்த காவ்யாவுக்குப் பூந்தமல்லியில் பக்கத்து வீட்டிலிருந்து தலை பின்னிவிட்டு வளர்த்தவள் அந்த ரசூல் பீவி. கல்யாணத்தில் பெண் வீட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றவளும் அவள்தான்.

முடிச்சுக்கும் விடை கிடைத்தது, முளைக்காத விதைக்கும் விடை கிடைத்தது. எல்லாம் ஒரே இடத்தில் போய் முட்டியது. வேம்புலியம்மாள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கக்கா கெளம்பிட்ட?"

"ஜாக்கெட் தைக்கணும்" என்றாள்.

ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோ. பருத்திப்பட்டு தாண்டி, சென்னீர்குப்பம் சிக்னலில் நின்று நின்று, பூந்தமல்லி போய்ச் சேருவதற்குள் மருமகளிடம் கேட்கவேண்டிய கேள்விகளை மனசுக்குள் பத்து தரம் கேட்டுவிட்டாள். பத்து தரமும் காவ்யா அழுதாள். ஒரு தரம்கூட இவளுக்கு மனசு இளகவில்லை.

*

பள்ளிக்கூடம் திறந்த சமயம். ரசூல் பீவி வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் நீலச் சீருடைத் துணி குவிந்து கிடந்தது. தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவள் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தாள்.

"வாங்க சம்பந்தி. இந்த வெயில்ல எதுக்கு வந்தீங்க? ஒரு போன் அடிச்சிருந்தா எம்புள்ள பாசித்த ஆட்டோ எடுத்துகினு அனுப்பிருப்பேனே."

"மாடியப் பாக்கணும்."

"மாடியா?"

"கத்திரி நாத்து கீதாமே."

திருட்டுப்பொருள் வைத்திருப்பவள் முகம் வெளுக்கும் என்று எதிர்பார்த்தாள் வேம்புலியம்மாள். ரசூல் பீவியின் முகம் இன்னும் மலர்ந்தது.

"அப்பாடா, சொல்லிட்டாளா? நானும் எத்தினி வாட்டி சொன்னேன், உன் மாமியார் கிட்ட சொல்லிடுடி, சொல்லிடுடின்னு. வாங்க, வாங்க."

இரும்புப் படி ஏறினார்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு பழைய பெயின்ட் பக்கெட். அதில் சாண் உயரத்துக்கு நாற்று. வேம்புலியம்மாள் உட்கார்ந்து ஓர் இலையைத் திருப்பி, நடு நரம்பின்மேல் கட்டைவிரலை ஓட்டினாள். முள் சுருக்கென்று குத்தியது. சந்தேகமே இல்லை, அவள் வீட்டு முள்தான்.

"என் ஊட்டு வெதய என் மருமவ எதுக்கு உங்க கிட்ட கொண்டாந்து குடுத்தா?"

குரலில் இருந்த சூட்டை ரசூல் பீவி அப்போதுதான் உணர்ந்தாள். சிரிப்பு அடங்கியது. அவளும் எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"அவ இன்னும் உங்க கிட்ட சொல்லலையா?"

"நீங்க சொல்லுங்க."

"குடுக்கல சம்பந்தி. காப்பாத்தி வெக்கச் சொன்னா. மார்கழில நீங்க ஆஸ்பத்திரில கெடந்தீங்களே, அப்ப ஒரு நாள் மழைல தொப்பலா நனஞ்சுகினு வந்தா. கைக்குட்டைல ஒரு புடி ஈர வெத. 'ம்மா, அவரு இத எங்கியோ சூட்டுல வெச்சுக் காய வெக்கப் போறாராம். வேணாம்னா கேக்கமாட்டேங்கறாரு. எனக்குப் பயமா இருக்கு. இத்தனூண்டு மட்டும் தனியா நெழல்ல காயட்டும்'னா. தையல் மேசைக்குக் கீழ துணி விரிச்சு, ஃபேனப் போட்டு, அஞ்சு நாள் காயவெச்சேன். அவ கடையிலேர்ந்து ஒரு மாத்திர டப்பா கொண்டாந்தா. அதுல போட்டு மூடி வெச்சோம்."

வேம்புலியம்மாள் இலையை விடவில்லை.

"போன மாசம், உயிர் கீதான்னு பாக்கலாம்னு பத்து வெதய இதுல போட்டேன். ஒம்போது வந்துச்சு. அன்னிக்கே அவளுக்கு போட்டோ அனுப்பினேன்."

"எந்தச் சூட்டுல வெச்சான் எம்புள்ள?"

"அது மாப்பிள்ளையத்தான் கேக்கணும். நமக்கு இன்னா தெரியும்."

வேம்புலிக்குக் குழப்பமாக இருந்தது. பாதிக் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றது. சரி, நல்லதாகவே இருக்கட்டும். ஒரு பிடி விதை பிழைத்திருந்தால் போதும். இன்றைக்கே பாத்தியில் போட்டால் ஆடிக்குள் முளைத்து நிற்கும். ஜெகதீசன் வாயை அடைக்க அது தாராளம்.

"டப்பா எங்க?"

ரசூல் பீவி நிமிர்ந்து பார்த்தாள். "டப்பாவத்தான் நீங்க வாங்கிக்கினீங்களே."

"நானா?"

"முந்தாநாள் உங்க கொழுந்தனார் வந்தாரே, ஜெகதீசன். 'அண்ணி அனுப்புனாங்க, மாத்திர டப்பால வெத கீதாம், வாங்கியாரச் சொன்னாங்க'ன்னு நின்னாரு. டப்பான்னுகூடச் சரியாச் சொல்றாரேன்னு எடுத்துக் குடுத்துட்டேன்." அவள் குரல் இறங்கிப்போனது. "நீங்க அனுப்பலையா?"

வேம்புலியம்மாள் பிடித்திருந்த இலையை விட்டாள். விதையை அவன் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. இனி அது எந்தச் சாக்கடையில் கிடக்கிறதோ.

"மாடிக்கு வந்தானா?"

"இல்ல. வாசல்லயே வாங்கிக்கினு போய்ட்டாரு."

அப்படியானால் மிச்சம் இந்த ஒன்பது நாற்றுதான். இது இருப்பது அவனுக்குத் தெரியாது. ஆனால் டப்பா இருப்பது எப்படித் தெரிந்தது? ரசூல் பீவிக்கும் காவ்யாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இவள் சொல்லியிருந்தால் இப்படி வெள்ளந்தியாக உட்கார்ந்து கதை சொல்லமாட்டாள். அப்படியென்றால் காவ்யா. ஒரு கையால் காப்பாற்றி, மறு கையால் புருஷனின் சித்தப்பனுக்குக் காட்டிக்கொடுத்தாளா?

"பக்கெட்ட நான் எடுத்துகினு போறேன்" என்றாள்.

"உங்களுது, எடுத்துகினு போங்க. சம்பந்தி, அந்தப் பொண்ணத் திட்டாதீங்க."

வேம்புலியம்மாள் பக்கெட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

*

மண்ணூர்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி ஒன்று. பக்கெட்டின்மேல் தன் துண்டைப் போட்டு மூடி, தெருமுனை டீக்கடைக்காரியிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். மகன் வேலை செய்யும் பவுடர் கோட்டிங் பட்டறைக்குள் வெறுங்கையோடு நுழைந்தாள். அவன்மேல் அவளுக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. பின்னே எதற்குப் பக்கெட்டை வெளியே வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

வெற்றிச்செல்வன் ஒரு ஜன்னல் கிரில்லுக்கு அட்டை சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். வேம்புலியம்மாள் அவன் கையைப் பார்த்தாள். கயிற்றை இழுத்து, சுற்றி, முடிச்சுப் போட்டான். முடிச்சு வலப்பக்கம் சாய்ந்தது.

"ம்மா? நீ இன்னா இங்க?"

"சும்மாதான். யாரு ஊட்டு கிரில் இது?"

"சித்தப்பாவோடது. புது ஊட்டுக்கு. ஓனர் கிட்ட சொல்லி நானே அடிச்சுத் தரேன்."

சாப்பாட்டு நேரம். கூட வேலை செய்யும் உதயகுமார், ஆள் உயரத்துக்கு நின்ற பெரிய அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து, கந்தல் துணியால் பிடித்து டிபன் பாக்ஸ்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். பெயின்ட் தூள் அடித்த இரும்பை உள்ளே தொங்கவிட்டுச் சுட்டு எடுக்கிற அடுப்பு அது. அணைத்த பிறகு அதில்தான் எல்லோரும் சோற்றைச் சூடு பண்ணிக்கொள்வார்கள்.

"வாங்க பெரிம்மா" என்றான் உதயகுமார். "கத்திரி போட்டாச்சா? அன்னிக்கு உங்க வெதயக்கூட இதுலதான காய வெச்சோம்."

வேம்புலியம்மாள் மகனைப் பார்த்தாள். அவன் முகத்தில் கூச்சத்தோடு ஒரு பெருமை வந்தது.

"மழ உடவே இல்லம்மா. ஊட்ல வெச்சா பூஞ்சை புடிக்கும்னு நீதான சொல்லுவ. நீ வேற ஆஸ்பத்திரில கெடந்த. அதான் தட்டுல பரப்பி இங்க எடுத்துகினு வந்தேன். அடுப்ப அணச்சு அர மணி நேரம் கழிச்சுத்தான் வெச்சேன். மறுநாள் எடுத்தா கலகலன்னு காஞ்சு கெடந்துது."

"இப்ப அணச்சு எம்மா நேரமாச்சு?"

"அர மணி நேரம் இருக்கும்."

வேம்புலியம்மாள் திறந்திருந்த கதவுக்குள் இடக்கையை நீட்டினாள். மூன்று எண்ணுவதற்குள் இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் உதயகுமாரின் பாக்ஸில் சாம்பார் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"சாம்பாரே கொதிக்குதேடா கண்ணு."

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. முகம் மாறியது.

"அப்ப வெத?"

"வெந்துடுச்சு."

திட்டலாம் என்றால் வாய் வரவில்லை. பத்து நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கிடந்த பிள்ளை. அவளுக்காகச் செய்த காரியம். தன் விதையைத் தன் பிள்ளையே பாசத்தோடு வேகவைத்துவிட்டான் என்று நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது. பட்டறை ஆட்கள் முன்னால் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

"காவ்யா வேணாம்னுதான் சொன்னா" என்றான் அவன் மெல்ல. "மெடிக்கல்ல வேல செஞ்சா வெதக்குமா டாக்டர்னு கேட்டுச் சிரிச்சுட்டேன்."

"பாட்டில கட்னது நீதானா?"

"நான்தான்."

வேம்புலியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாட்டிலை நிரப்பியவனே அதைக் கட்டியிருப்பான் என்பது இத்தனை நாளும் அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒன்றரை வருஷமாக ஒரு பெண்ணைக் கள்ளி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது அவளை உறுத்தியது.

"உடும்மா" என்றான் வெற்றிச்செல்வன். "போனது போச்சு. வெதயும் இல்லன்னு ஆய்ப்போச்சு. கையெழுத்து போட்டுட்டு நிம்மதியா இரேன். சித்தப்பா சொல்றதும் தப்பில்லயே."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. இவ்வளவு சீக்கிரமாகவா? வெந்துபோனது என்று தெரிந்து, கையில் பிடித்த கயிற்றைக்கூட அவன் இன்னும் கீழே வைக்கவில்லை.

சாய்த்து வைத்திருந்த கிரில்லை ஒரு தரம் பார்த்தாள். "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

*

காவ்யா ஆறரைக்கு வந்தாள். சமையலறையில் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் பெயின்ட் பக்கெட்டைப் பார்த்ததும் தோள்பையைக்கூட இறக்காமல் அப்படியே நின்றுவிட்டாள்.

வேம்புலியம்மாள் டம்ளரில் டீயை ஆற்றி நீட்டினாள். ஒன்றரை வருஷத்தில் மருமகளுக்கு அவள் போட்ட முதல் டீ அதுதான்.

"குடி."

காவ்யா வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

"பூந்தமல்லி போனேன். அப்பால பட்டறைக்கும் போனேன். எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நான் உன்னத் திருடின்னு நெனச்சேன். காலைலேர்ந்து அதையே நெனச்சுகினு கெடந்தேன். தப்பு என் மேல."

"நான் எடுத்தது நெசந்தானே அத்தை."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? உங்க புள்ள கெடுத்துட்டாருன்னா? இல்ல, நான் தொட்டுட்டேன்னா?" காவ்யாவின் கண் நிறைந்துவிட்டது. "ரெண்டுல எதச் சொன்னாலும் உங்களுக்குப் புடிக்காது. பாட்டில் விதையும் முளைச்சுடட்டும்னு எட்டு நாளும் சாமி கும்பிட்டேன். முளைச்சுட்டா எதையும் சொல்லவேண்டாம் பாருங்க."

வேம்புலியம்மாள் அவள் தோளிலிருந்து பையை எடுத்துக் கீழே வைத்தாள். முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ஒம்போது நாத்து கீது. ஆடில நாத்து நிக்கும்னுதான் சொன்னேன், எத்தினின்னு சொல்லல. இது நின்னாலும் என் வார்த்த நின்னுச்சு. ஒம்போது செடில பழுத்தா அடுத்த வருசத்துக்கு ஒரு பாட்டில் வெத."

"ஒன்பதுதானா? டப்பால நெறைய இருந்துச்சே அத்தை. டப்பா எங்க?"

வேம்புலியம்மாள் மருமகளின் கண்ணையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஜெகதீசன் வாங்கிக்கினு போய்ட்டான். நான் அனுப்பினேன்னு பொய் சொல்லி. மாத்திர டப்பான்னு சரியாச் சொன்னானாம். அவனுக்கு எப்டித் தெரியும்?"

காவ்யாவின் முகத்தில் காலையில் வராத ஆச்சரியம் இப்போது வந்தது. பிறகு அது பயமாக மாறியது. டீ டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"நான் ஒரே ஒருத்தர் கிட்டதான் சொன்னேன் அத்தை. போன வாரம், முடிச்சு மாறியிருக்குன்னு நீங்க கேட்டீங்களே, அன்னிக்கு. மனசு கேக்காம."

"யாரு கிட்ட?"

வாசலில் பைக் வந்து நின்றது. காவ்யா திரும்பி வாசலைப் பார்த்தாள்.

வெற்றிச்செல்வன் உள்ளே வந்தான். கை கால் கழுவ நேராகச் சமையலறைப் பக்கம் வந்தவன், பக்கெட்டைப் பார்த்ததும் நின்றான்.

"இது ஏதும்மா?"

"நாத்து."

"நம்ம கத்திரியா?" குனிந்து பார்த்தான். "எத்தினி கீது?"

கேள்வியில் ஒன்றும் தப்பில்லை. யாராக இருந்தாலும் கேட்பார்கள். வேம்புலியம்மாள் ஒரு நிமிஷம் தயங்கினாள்.

"ஒம்போது."

"பரவால்லையே" என்று சிரித்தான். சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். வேம்புலியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் போனில் ஆள் படம் வரும். வெள்ளைச் சட்டையும் கூலிங் கிளாஸுமாக அந்தப் படத்தில் இருந்த ஆளை அவளுக்கு முப்பது வருஷமாகத் தெரியும்.

"கம்பெனிலேர்ந்தும்மா" என்று சொல்லிக்கொண்டே அவன் வெளியே போனான்.

மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சமையலறை ஜன்னல் சந்துப் பக்கம் திறந்திருந்தது. அவன் நடந்து வந்து அந்த ஜன்னலுக்கு நேராகவே நின்றான் போலிருக்கிறது. குரல் தாழ்ந்துதான் வந்தது. ஆனாலும் தெளிவாகக் கேட்டது.

"இல்ல சித்தப்பா, இன்னும் கீது. பக்கெட்ல. ஒம்போது."

காவ்யா வாயைப் பொத்திக்கொண்டாள். வேம்புலியம்மாள் அழவில்லை. எழுந்துபோய் ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"பக்கெட்ட எடுத்து உன் பக்கத்துல வெச்சுக்க."

"நான் தொடலாமா அத்தை?"

"நீதான் தொடணும்."

காவ்யா இரண்டு கையாலும் பக்கெட்டை இழுத்துத் தன் மடியோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். வேம்புலியம்மாள் சமையலறைக் கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள்.